நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள் அக்கா

பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டு வாசலில் சாமிக்குப் பறிக்கும் நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண், கொட்டுமா, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டாது. நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு அது டாஃப்னிஸ் நெரி என்ற அந்துப்பூச்சியின் புழு. அந்த நீலக் கண் உண்மையில் கண்ணே இல்லை, கிட்டே வரும் பறவையை மிரட்ட உடம்பில் உள்ள வெறும் புள்ளி, தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடத்தை உப்ப வைக்கும். பின்பக்கம் சின்னக் கொம்பு ஒன்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் குத்தாது.

அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, இவையெல்லாம் அதற்குச் சாப்பாடு. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, நம் மலேசியா பக்கம் வரை உண்டு, கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து போகும்.

பூச்சாடிச் செடி சின்னது என்றால் ஒரு புழுவே கிளையை மொட்டையாக்கிவிடும், அதனால் உங்கள் கவலை நியாயம்தான். கிளையோடு வெட்டி வேறு பெரிய அரளியில் விட்டுவிடுங்கள், அப்புறம் கையைக் கழுவுங்கள், அரளிப் பால் விஷம். செடி திரும்பத் துளிர்க்கும். இலைக்கு அடியிலும் தேடுங்கள், தரையில் கறுப்பாகப் புழுக்கை கிடந்தால் அதற்கு நேர் மேலே இன்னொன்று இருக்கும்.

புழு பழுப்பாகிக் கீழே இறங்கினால் நோய் இல்லை, சருகுக்குள் கூட்டுப்புழுவாகப் போகிறது. வெளியே வரும் பூச்சி கரும்பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து அவ்வளவு அழகு, எனக்கு எந்த வண்ணத்துப்பூச்சியும் அதற்கு ஈடில்லை.