சட்டம் அறிவோம்: வாசகர் கேள்வி

கேள்வி: டன்லப் ஸ்திரீட்டில் என் கணவர் நடத்தும் உணவகத்தில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கிளம்பிய தீ புகைப்போக்கிக் குழாயில் பற்றி, சுமார் 90,000 வெள்ளிக்குச் சேதமாகிவிட்டது. இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகு, ‘எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் விசாரிக்கிறோம்’ என்று காப்புறுதி நிறுவனம் கடிதம் அனுப்பியது. ஏழு மாதம் இழுத்தடித்துவிட்டு, குழாயைக் குறித்த காலத்தில் சுத்தம் செய்யவில்லை என்று சென்ற மாதம் கைவிரித்துவிட்டார்கள். நிறுவனம் நல்லெண்ணமின்றி நடந்தது என்று ‘பேட் ஃபெயித்’ வழக்குப் போட்டால் பல மடங்கு கிடைக்கும் என்கிறான் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பி. இங்கே முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் தம்பி சொல்வது அவர் வாழும் மாநிலத்துக்குப் பொருந்தும். 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் எரிந்த ஓர் உணவகத்தின் உரிமையாளர் தொடுத்த வழக்கில்தான், காப்புறுதி நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடக்கத் தவறுவது வெறும் ஒப்பந்த மீறல் அன்று, தனியாக இழப்பீடு கோரத்தக்க தீங்கு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் அந்த வழி இல்லை. ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்த நம் சட்டம், எதையும் மறைக்காமல் முழு நேர்மையோடு நடக்கும் உச்ச நல்லெண்ணக் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்றாலும், நிறுவனம் அதை மீறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து கட்டிய பிரிமியத்தைத் திரும்பப் பெறலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. கடை எரிந்தபின் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஒப்பந்த மீறலுக்கு, மீறியவரைத் தண்டிப்பதற்காக நட்டத்துக்கு மேல் விதிக்கும் தண்டனை இழப்பீடு பொதுவாகக் கிடையாது என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் தெளிவாக்கிவிட்டது. தாமதத்துக்கு வட்டி கிடைக்கலாம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2017 மே முதல் எழுதப்படும் பாலிசிகளில், பணம் தராமல் இழுத்தடிப்பதால் விளையும் நட்டத்தையும் கோரச் சட்டம் இடம் தருகிறது. மூடிக்கிடக்கும் கடைக்கு வாடகை கட்டுகிறவர்களின் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில், இங்கேயும் அது வந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் போராட்டம் முழுவதும் பாலிசியின் வாசகத்தைப் பற்றியது. குழாய்ச் சுத்தம் பற்றிய விதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அது ‘வாரன்டி’ என்ற உறுதிமொழியாக இருந்தால் நிலைமை கடினம்: தீக்கும் அழுக்குக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அதை மீறிய நாளிலிருந்தே நிறுவனத்தின் பொறுப்பு நீங்கிவிடும். ஆனால் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்று இருக்கிறதா, ‘முறையாக’ என்று மட்டும் இருக்கிறதா? வெளி நிறுவனம்தான் செய்ய வேண்டுமா, கடை ஊழியர் தேய்த்துக் கழுவினாலும் போதுமா? வாசகம் இரு பொருள் தந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே நீதிமன்றம் பொருள் கொள்ளும். மீறல் நடந்ததென்று நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான். துப்புரவு நிறுவனத்தின் ரசீதையும், அதில் ‘டக்ட்’ (குழாய்) என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘ஹூட்’ (அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூடு) என்றா என்பதையும் பாருங்கள். வழக்கு அந்த ஒரு சொல்லில் திரும்பக்கூடும்.

உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்ற அந்தக் கடிதத்தின் தேதியும் முக்கியம். மீறலைத் தெரிந்துகொண்ட பிறகு, அக்கடிதத்துக்கு முன்பாக, கோரிக்கையை ஏற்றதுபோல் முன்பணம் தந்தோ பழுதுபார்க்கச் சொல்லியோ இருந்தால், விதியைக் காட்டித் தப்பிக்கும் உரிமையை அவர்கள் இழந்தார்கள் என்று வாதிட இடமுண்டு.

கடை தனியுரிமை வணிகமாகப் பதிவாகியிருந்தால் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். உங்கள் தொகை அதன் வரம்புக்குள் அடங்கும். இறுதி மறுப்புக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அங்கே வரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நீதிமன்றம் செல்லலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் ஃபிட்ரெக் இல்லை, நீதிமன்றம்தான். அதற்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், சில பாலிசிகளே குறுகிய கெடு வைத்திருக்கும்; அதையும் பாருங்கள்.

இடையில் ஒரு சிறு தொகையை நீட்டி, ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டாமல் போட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.