புது வீடுகள்: நகரத்துக்கு எவ்வளவு, கிராமத்துக்கு எவ்வளவு?

கேள்வி: குடிநீர், சாக்கடை, பேருந்து எல்லாம் நகரத்தில்தான் இருக்கிறது. புது வீடுகளை மொத்தமாக அங்கேயே கட்டிவிடலாமே சார்?

பதில்: பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். ஆனால் மொத்தமும் போனால் கிராமம் தேய்ந்துவிடும். கல்யாணமான பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக ஊருக்குள் வீடு கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள், ஆள் ஏறாத பேருந்தை நிறுத்துவார்கள். பேருந்து நின்றபின் அந்த ஊருக்கு யார் குடிவருவார்?

கேள்வி: நகரத்தில் இடமே இல்லை என்கிறார்களே?

பதில்: மூடிய ஆலை வளாகங்கள், ஒற்றை மாடிக் கடைகளின் மேல்தளம், ரயில் நிலையத்தை ஒட்டிய வாகன நிறுத்துமிடங்கள். இவற்றைக் கணக்கெடுத்த பிறகு அப்படிச் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் இருப்பதே 150 வீடு. பக்கத்து வயலில் 200 வீடு கட்டப்போகிறார்கள். எதிர்த்தால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள்.

பதில்: வேண்டாம் என்று சொல்வதற்கு முன் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்குத் தினம் 100 லிட்டர் என்று வைத்தாலே 80,000 லிட்டர் வேண்டும். அதில் ஏறக்குறைய 64,000 லிட்டர் கழிவுநீராகத் திரும்பி வரும். அது எங்கே போகிறது? வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் என்று பதில் வந்தால், பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான். குழாயும் வடிகாலும் வந்த பிறகே குடியேற்றம் என்பதை அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். இருக்கும் தெருக்களை ஒட்டிப் பத்துப் பதினைந்து வீடுகளாக, சில வருட இடைவெளி விட்டு வளர்ந்தால் ஊர் தாங்கும். அப்படி ஒரு மாற்று வரைபடத்தோடு போகிறவரை வளர்ச்சிக்கு எதிரி என்று ஒதுக்க முடியாது.

கேள்வி: கட்டினாலும் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டிப்போட்டுவிடுகிறார்கள், சார்.

பதில்: நியாயமான கவலை. சுவிட்சர்லாந்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து, ஓர் ஊராட்சியில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 2016-ல், புது வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே என்று முடிவானது. ஆனால் அந்த விதி பழைய வீடுகளைத் தொடவில்லை. அந்தப் பக்கம் கதவு திறந்தே இருந்தது. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது நில அறக்கட்டளை முறை. 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்காகத் தொடங்கியது. இந்த முறையில் நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும், வீடு மட்டும் கைமாறும். மறுவிற்பனை விலையைப் பத்திரமே கட்டுப்படுத்தும். உங்கள் ஊரில் பொது நிலம் ஏதாவது மிச்சமிருந்தால், விற்பதற்கு முன் இதைப் பேசுங்கள்.