சபையில் எல்லோரும் என்னை நல்ல விசுவாசி என்று நம்புகிறார்கள்; எனக்குள் சந்தேகம். என்ன செய்வது?

கேள்வி: சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவன், பாடகர் குழுவில் இருக்கிறேன். ஒரு வருடமாக, நான் பாடுவதில் பாதியையாவது நம்புகிறேனா என்றே தெரியவில்லை. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. சொல்லிவிடவா, விலகிவிடவா, இப்படியே இருந்துவிடவா?

பதில்:

'வீட்டில்கூட யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் ஏறக்குறைய மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே.

எனக்குச் சந்தேகம் பெரிய துக்கத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு பாடத்தில் ஆரம்பித்தது. முதலாம் சாமுவேல் 15, சவுல் ராஜா கீழ்ப்படியாமல் போன கதை. 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்' என்பது அன்றைய மனப்பாட வசனம். ஒரு பத்து வயதுப் பெண் அதோடு நிற்காமல் மேலே போய் மூன்றாம் வசனத்தில் விரலை வைத்திருந்தாள். அமலேக்கியரை ஆண், பெண், பிள்ளைகள், ஆடு மாடு என்று எதையும் மிச்சம் வைக்காமல் கொல்லச் சொல்லும் வசனம். "அக்கா, குழந்தைகளையுமா?" என்று கேட்டாள்.

"தேவனுடைய நீதி இப்போது நமக்குப் புரியாது, பரலோகத்தில் புரியும்" என்றேன். நான் நிமிர்ந்தபோது அவள் தலையாட்டினாள். விரலை எடுக்காமலே பைபிளை மூடி வைத்துக்கொண்டாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை. நானே ஏற்றுக்கொள்ளாத பதிலை, நான் சொன்னேன் என்பதற்காக ஒரு குழந்தை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஜெபக்குழுவில் விண்ணப்பம் கேட்டால் யாருடைய உடல்நலத்தையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சத்தமாக ஜெபிக்கச் சொன்னால் வார்த்தை தட்டுத்தடுமாறாமல் வந்தது. மனம் ஒட்டாமலே வாய் இவ்வளவு அழகாக ஜெபிக்குமா என்று எனக்கே பயமாக இருந்தது. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது மட்டும் சில வரிகளில் உதட்டை அசைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

அந்தப் பிரமாணத்தைப் பற்றி வெகு நாள் கழித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் எனக்கு உதவியது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் எழுதப்பட்டபோது அது 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் தொடங்கியது. ஆராதனையில் 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்லும் வழக்கம் பிறகு வந்தது. ஒருவர் குரல் அடங்கும் வரியை அந்த வாரம் பக்கத்தில் நிற்பவர் சுமக்கலாம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். இது என் வாசிப்புதான், இறையியல் தீர்ப்பு இல்லை.

சந்தேகம் என்று வாயைத் திறந்தாலே யாக்கோபு 1:6 வந்துவிடும்: சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன். உங்களுக்கும் அது மனப்பாடமாக இருக்கும். ஆனால் அதே வேதத்தில்தான், உயிர்த்த இயேசுவை மலைமேல் கண்டு பணிந்துகொண்ட சீஷர்களைப் பற்றி மத்தேயு 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்' என்று எழுதுகிறார். அந்தச் சிலரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கட்டளை கொடுத்ததாக இல்லை. யூதா நிருபத்தின் 22ஆம் வசனம் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'சிலருக்கு இரக்கம் பாராட்டி' என்று வருகிறது. பழைய கிரேக்கப் பிரதிகளை வைத்துச் செய்த மொழிபெயர்ப்புகளில் அதே வசனத்துக்கு 'சந்தேகப்படுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள்' என்ற பொருள். இதைச் சொல்லி எந்தப் பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

இயேசு உயிர்த்ததைக் காயத்தைப் பார்க்காமல் நம்ப மறுத்த சீஷன் தோமாவின் கதையில் எனக்குப் பிடித்தது காயத்தைக் காட்டிய இடம் அல்ல, அதற்கு முந்தின எட்டு நாட்கள். 'விசுவாசிக்கமாட்டேன்' என்று மற்றவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். எட்டு நாள் கழித்து அதே வீட்டுக்குள் அவர்களோடுதான் இருக்கிறான். அவனும் போகவில்லை, அவர்களும் போகச் சொல்லவில்லை. அந்த எட்டு நாளும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சபை முன்னால் எழுந்து அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். எனக்குச் சந்தேகத்தைவிட, அதை வைத்துக்கொண்டு நடித்ததுதான் பாரமாக இருந்தது. அன்னை தெரசா ஏறக்குறைய ஐம்பது வருடம் கடவுள் இல்லாதது போன்ற இருளில் இருந்திருக்கிறார். அவர் மறைந்து பத்து வருடம் கழித்து, 2007இல் கடிதங்கள் நூலாக வெளியானபோதுதான் அது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவரும் எல்லோரிடமும் சொல்லவில்லை. ஆன்மிக வழிகாட்டிகள் சிலருக்கு மட்டும் எழுதினார்.

யாரிடம் சொல்வது? சபையை விட்டுப் போனவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அவர்களைக் குறை சொல்லாமல் பேசுகிறவர் என்றால் நம்பலாம். கேட்ட அன்றே அதை ஜெப விண்ணப்பமாக்கி நாலு பேருக்கு அனுப்புகிறவர் வேண்டாம், அன்பானவராக இருந்தாலும் வேண்டாம். கத்தோலிக்கர் என்றால், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லத் திருச்சபைச் சட்டமே தடை போடுகிறது. மற்ற சபைகளில் எல்லா இடத்திலும் அந்த மாதிரி விதி இருக்காது. அதனால் போதகரிடம் பேசுவதென்றால் "இது உங்களோடு இருக்குமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் சம்பளமோ தங்குமிடமோ சபையைச் சார்ந்திருந்தால், வெளியே ஒருவரைத் தேடுவதுதான் நல்லது.

நான் ஜெபக்குழுவில் இருந்த வயதான ஒரு ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. "எந்த வசனத்துல ஆரம்பிச்சுது?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் தன் பைபிளைத் திறந்து காட்டினார். ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். சிலவற்றை அழித்திருந்தார், ஆனாலும் தாளில் பள்ளம் தெரிந்தது. சில இடத்தில் அழித்த அதே பள்ளத்தின் மேல் திரும்பவும் போட்டிருந்தார்.

ரிச்சர்ட் ஷாங்க் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு சிறு ஊரில் தங்கிச் செய்த ஆய்வை 1932இல் வெளியிட்டார். சீட்டாட்டம், மது, புகை எல்லாம் தப்பு என்று சபையார் வெளியே சொன்னார்கள். அவர்களில் பலரோடு கதவைச் சாத்திக்கொண்டு அவரே சீட்டாடியிருக்கிறார். ஊரில் மற்றவர்கள் எல்லாம் கண்டிப்பானவர்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். விசுவாசம் சீட்டாட்டம் இல்லை, தெரியும். ஆனால் அந்தப் பென்சில் குறிகளைப் பார்த்த பிறகு, ஆராதனையில் என் முன்வரிசையில் இருப்பவர்களின் முதுகை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

விலகுவதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். பயமுறுத்துகிற, குடும்பத்தைப் பிரிக்கிற சபை என்றால் அது வேறு விஷயம்; அங்கே இருந்து போவது துரோகம் ஆகாது. அப்படி இல்லையென்றால், நம்பாததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பை மட்டும் முதலில் இறக்கி வையுங்கள். நான் "கொஞ்ச நாள் வேண்டாம்" என்று சொல்லிப் பாடம் எடுப்பதை நிறுத்தினேன். பாடுவதை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 88ஆம் சங்கீதமும் பாட்டுதான். அது ஆறுதலில் முடியவில்லை, சிநேகிதர்கள் தூரமாகிப்போன இருட்டில் முடிகிறது. அதையும் ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரர் பாடி வைத்திருக்கிறார்கள்.

நான் இன்னும் அதே சபைக்குத்தான் போகிறேன். சில வரிகளை மனதார நம்புகிறேன், சிலவற்றைச் சொல்லாமல் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படியே முடிய வேண்டும் என்று இல்லை.

'குழந்தைகளையுமா?' என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் இரண்டு வருடம் கழித்துப் பேசினேன். ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாப் படலம்மா. எனக்கும் அந்த வசனம் புரியல" என்றேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்க்கா. நீங்க என் முகத்தைப் பார்க்காம பைபிளைப் பார்த்துத்தான் சொன்னீங்க."