மண் விடும் மூச்சு: கருவி காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: வயலில் ஒரு பாதிக்கு மட்டும் தொழு உரம் போட்டேன். மண் நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, அதன் பெட்டியை மண்மேல் கவிழ்த்துப் பார்த்தேன். எரு போட்ட பக்கம் காலை 7 மணிக்கு, 5 நிமிடத்தில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) என்பது 550 ஆனது. போடாத பக்கம் மதியம் 2 மணிக்கு அதே 5 நிமிடத்தில் 420 என்பது 620 ஆனது. எரு வீண்தானா?

பதில்: வீண் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் ஒப்பிட்டது காலையையும் மதியத்தையும்தான், எருவை அல்ல.

மண்ணின் சூடு 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் கணக்கில் காலையில் நிமிடத்துக்கு 26, மதியம் 40. மதியம் மண் 10 டிகிரி கூடுதலாகச் சுட்டிருந்தால், அந்த 40 காலை நேரத்துக்கு 20தான். அப்படிப் பார்த்தால் எரு போட்ட பக்கமே முன்னால் நிற்கிறது. இது தோராயக் கணக்கு. திரும்ப அளந்தால்தான் உறுதி.

கருவியின் வேலை எளிது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களில் ஒளியை விழுங்கும். கரியமில வாயுவுக்கு அது 4.26 மைக்ரோமீட்டர். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் உணரி. நடுவில் எவ்வளவு ஒளி குறைந்ததோ அந்த அளவுக்கு வாயு இருக்கிறது. உணரிமேல் நீர்த்துளி படிந்தால் எண் தாறுமாறாகும். இன்னொன்று, பெட்டிமேல் குனிந்து மூச்சு விடாதீர்கள். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 40,000 பிபிஎம். பெட்டியைக் கவிழ்க்கும்போது அதில் கொஞ்சம் உள்ளே போனாலும் போச்சு!

பெட்டிக்குள் செடி இருக்கக் கூடாது. பக்கத்துச் செடியின் வேர் விடும் மூச்சும் கணக்கில் சேரும் என்பதால் வரிசைகளுக்கு நடுவில் வையுங்கள். பெட்டி உட்காரும் வளையத்தை முதல் நாளே மண்ணில் அழுத்திவிடுங்கள்; அழுத்தியதும் அளந்தால், கிளறிய மண்ணில் அடைந்து கிடந்த வாயுவும் வெளியே வரும். காய்ந்த மண்ணில் மழை பெய்த மறுநாளும் அளக்காதீர்கள், அன்று எண் குதிக்கும்.

எண் பெரிதாக இருந்தாலே மண் வளமானது என்றும் நினைத்துவிட வேண்டாம். உழுத கையோடு அளந்தாலும் ஏறும். அது மண்ணில் சேர்ந்திருந்த கரிமம் செலவாகும் கணக்கு.

யூரியா காற்றில் போவதையும் இதில் பார்க்கலாமா என்று அடுத்து தோன்றும். முடியாது. யூரியாவின் நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகப் போகும். அது காற்றில் வெறும் 0.34 பிபிஎம் அளவில்தான் இருக்கிறது; அதன் சிறு ஏற்றத்தைப் பிடிக்க லேசர் கருவி போன்ற நுட்பமான ஒன்று வேண்டும். நைட்ரஜன் வாயுவாகவே போய்விட்டால் லேசருக்கும் தெரியாது, அது அகச்சிவப்பை விழுங்குவதில்லை.

சரி, இப்படிச் செய்யுங்கள். இரண்டு பாதியிலும் மும்மூன்று இடம், ஒரே காலையில், ஒரே ஈரத்தில், அடுத்தடுத்து அளங்கள். 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் நாலைந்து முறை எடுத்த எண்களை அனுப்புங்கள், பார்க்கலாம்.