அதிகாலை 2.40க்கு விழித்திருந்தது யார்?

கேள்வி: அக்கா, நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பேஸ்மென்றில் இரண்டு பெடியன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கொலிஜ் படிக்க வந்தவர்கள். இன்ரநெற் என்னுடைய பெயரில். வாடகையோடு சேர்த்து அவர்களும் பாவிக்கிறார்கள். போன கிழமை இன்ரநெற் கம்பனியிலிருந்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் இணைப்பிலிருந்து ஓர் ஆங்கிலப் படத்தை அனுமதியில்லாமல் தரவிறக்கிப் பகிர்ந்ததாக எழுதியிருக்கிறது. நேரம் அதிகாலை 2.40. "அந்த நேரத்தில் முழித்திருக்கிறது கீழே இருக்கிறவங்கள்தான், மாத முடிவோடு எழுப்பிவிடு" என்று இவர் நிற்கிறார். ஒன்றரை இலட்சம் டொலர் தண்டம் வரும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். ஜேர்மனியில் இருக்கும் மச்சாள், தங்கள் வீட்டுக்கும் இப்படி வந்து காசு கட்டித்தான் முடித்ததாகச் சொல்கிறா. பெற்றோர் வந்து நீண்டகாலம் தங்குவதற்கான சுப்பர் விசாவில் அம்மாவை எடுக்க மனு நிரப்பி வைத்திருந்தோம். இது தெரிந்தால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதையும் அனுப்பவில்லை. 16 வயதில் மகனும் 11 வயதில் மகளும் இருக்கிறார்கள். நாங்கள் ஒருத்தரும் இப்படியான வேலை செய்கிற ஆட்கள் இல்லை. மின்னஞ்சலின் பிரதியை இணைத்திருக்கிறேன். நித்திரையே இல்லை. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் நித்திரை கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பிரதியை ஆறுதலாக மூன்று தடவை வாசித்தேன். அதில் தண்டம் இல்லை, வழக்கு இல்லை, காசு கேட்டு ஒரு வரியும் இல்லை. அது ஓர் அறிவித்தல். அதற்குப் பதில் எழுதவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பயத்தில் "நாங்கள் செய்யவில்லை, கீழே இருக்கிற பெடியன்கள்தான்" என்று யாருக்கும் எழுதியும் விடாதீர்கள். உங்கள் பெயரை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அது.

உங்கள் பெயர் இன்னும் படக் கம்பனிக்குத் தெரியாது என்பதைத்தான் நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ரொறென்ற் என்று சொல்கிறார்களே, அந்த முறையில் ஒரு படம் ஒரே இடத்திலிருந்து முழுதாக வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்ஸ் கொப்பியைக் கழற்றி ஆளுக்கு நாலு பக்கமாக வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பார்த்து எழுதினோமே, அப்படி. படம் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கும். எடுக்கிற ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள துண்டை மற்றவர்களுக்குக் கொடுத்தபடிதான் இல்லாததை வாங்குகிறார். அந்தக் கூட்டத்துக்குள் படக் கம்பனி அமர்த்திய கண்காணிப்பு நிறுவனமும் ஓர் ஆளைப்போல வந்து சேர்ந்துகொள்ளும். துண்டு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இன்ரநெற் கம்பனி ஓர் இணைப்புக்குக் கொடுக்கும் இலக்கம் அது) வந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளும். அந்த முகவரி எந்த இன்ரநெற் கம்பனிக்குரியது என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம். அந்த நேரத்தில் அது எந்த வீட்டில் இருந்தது என்பது கம்பனிக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் அறிவித்தல் கம்பனிக்கு வருகிறது, கம்பனி அதை உங்களுக்கு அனுப்பிவிடுகிறது. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோது இந்த ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். 2015 ஜனவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுப்பாமல் விட்டால் 5,000 முதல் 10,000 டொலர் வரை கம்பனி கட்டவேண்டி வரலாம். ஆகவே இதில் அது தபால்காரர் மட்டும்தான். உங்களைக் குற்றம் சாட்டவில்லை, உங்கள் பெயரைக் கொடுக்கவும் இல்லை. யாருடைய இணைப்பு என்ற பதிவை 6 மாதம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் வேண்டுமென்றால் படக் கம்பனி நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கிவர வேண்டும்.

இனி அந்த 2.40.

பிரதியில் நேரத்துக்குப் பக்கத்தில் யூ.ரி.சி. என்று மூன்று எழுத்து இருக்கிறது, பார்த்தீர்களா? அது உலகப் பொது நேரம். ரொறன்ரோ கோடை காலத்தில் அதற்கு 4 மணித்தியாலம் பின்னால் இருக்கிறது, குளிர் காலத்தில் 5. உங்கள் அறிவித்தலில் உள்ள யூலை 12 அதிகாலை 2.40 என்பது உங்கள் குசினி மணிக்கூட்டில் யூலை 11 இரவு 10.40. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் விழித்திருந்தது கீழே இருக்கிற இரண்டு பேர் மட்டும்தானா?

உங்கள் மகனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவரும் அந்த வீட்டில் ஓர் ஆள் என்று சொல்கிறேன். மேலே, கீழே, வந்து போகிற ஆட்களின் போன் என்று எல்லாமே ஒரே ரவுட்டரால் போகிறது. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரே ஐ.பி. முகவரி. விருந்தினருக்கென்று வேறு வைஃபை பெயர் போட்டிருந்தாலும் அப்படித்தான். மிகுதியை வீட்டுக்குள் நாங்கள்தான் ஊகித்துக்கொள்கிறோம். அந்த ஊகத்தில் இரண்டு பிள்ளைகளின் இருப்பிடத்தை உங்கள் கணவர் எடுத்துவிடப் பார்க்கிறார். நாடு விட்டு வந்து பேஸ்மென்றில் இருந்து படிப்பது என்னவென்று நாங்கள் அறியாதவர்களா?

சட்டமும் அவருக்குத் துணை நிற்காது. பெடியன்களுக்குத் தனிக் குசினியும் குளியலறையும் இருந்தால், ஒன்ராறியோவில் வாடகைக்காரரை எழுப்ப வீட்டுக்காரர் வாடகை நீதிச் சபையின் உத்தரவு பெறவேண்டும். இந்த ஒரு மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு மாத முடிவில் சாமானை வெளியே வைக்க முடியாது. வாடகைக்குள் இன்ரநெற்றும் என்று பேசிக் கொடுத்திருப்பதால், கோபத்தில் வயரைப் பிடுங்குவதும் சரிவராது.

காசுக் கதைக்கு வருகிறேன். ஒன்றரை இலட்சம் டொலர் என்பது அமெரிக்கச் சட்டத்தில் உள்ள உச்சத் தொகை. 2015இல் இந்த முறை தொடங்கியவுடனேயே, அந்தத் தொகையைக் காட்டி, இந்த இணைப்பை அழுத்தி இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம் என்ற தோரணையில் கனடிய வீடுகளுக்கும் அறிவித்தல்கள் வந்தன. ஒன்றும் விளங்காமல் எத்தனை பேர் பயந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது. 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அதை நிறுத்தினார்கள். இப்போது அறிவித்தலில் காசு கேட்கக்கூடாது, சமரசத்துக்கு அழைக்கக்கூடாது, சொந்த விபரம் கேட்கக்கூடாது, அவற்றுக்குக் கொண்டுபோகும் இணைப்பும் இருக்கக்கூடாது. நாளைக்கு உங்களுக்கு வேறொரு மின்னஞ்சல் வந்து, கடன் அட்டை இலக்கத்தைப் போடச் சொன்னால், அதை அழுத்தாமல் மாத பில்லில் உள்ள இலக்கத்துக்கு அடித்து, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கம்பனியிடம் கேளுங்கள்.

கனடாவில், வியாபாரத்துக்கல்லாமல் சொந்தப் பாவனைக்கு எடுத்ததற்குச் சட்டம் குறித்திருக்கும் நட்டஈடு 100 முதல் 5,000 டொலர் வரை. அதுவும் எத்தனை படமானாலும் ஒரு வழக்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். வழக்குச் செலவு வேறு. சின்னக் காசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டை விற்கிற கதையும் இல்லை.

மச்சாள் சொன்னது பொய் இல்லை. ஜேர்மனியில் நடைமுறை வேறு. அங்கே நீதிமன்றத்தின் வழியாகப் பெயரை எடுத்து, சட்டத்தரணியே நேரடியாகக் கடிதம் போடுவார். தவணையும் தொகையும் இருக்கும், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஓர் உறுதிமொழிப் பத்திரமும் இருக்கும். அதைக் குப்பையில் போட்டால் வில்லங்கம்தான். ஆனால் அவவின் அனுபவம் ஸ்காபரோவுக்குப் பொருந்தாது. எங்கள் சனம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறதால், ஒரு நாட்டுச் சட்டம் மற்ற நாட்டில் உள்ளவர்களின் நித்திரையைக் கெடுக்கிறது.

இணைப்பு என் பெயரில்தானே என்று கேட்பீர்கள். 2018 செப்டெம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம், ஒரு ஐ.பி. முகவரியோடு உங்கள் பெயர் தொடர்புபட்டிருப்பதாலேயே நீங்கள்தான் செய்தீர்கள் என்று ஆகிவிடாது எனச் சொல்லியிருக்கிறது. அறிவித்தல்கள் வந்தும் பேசாமல் இருந்தார்கள், ஆகவே இணைப்புக்காரர்களே பொறுப்பு என்று ஒரு படக் கம்பனி கேட்ட வழக்கிலும், வெறுமனே இணைப்பைப் பகிர்ந்தது போதாது என்று 2023இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. அந்த வழக்கில் பலர் எதிர்வாதமே போடாமல் இருந்தவர்கள். இருந்தும் கம்பனிக்கு வேண்டிய தீர்ப்புக் கிடைக்கவில்லை.

அதற்காக, கோட்டுக் கடிதம் வந்தாலும் பேசாமல் இருக்கலாம் என்று எடுத்துவிடாதீர்கள். சில படக் கம்பனிகள் பெடரல் நீதிமன்றத்தில் வழக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மின்னஞ்சல் இல்லாமல், வழக்குப் பத்திரமாகவே முறைப்படி உங்கள் கையில் வந்து சேர்ந்தால் பதில் போட 30 நாள்தான். அன்றைக்கே சட்டத்தரணியிடம் போகவேண்டும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் கேட்டால், 30 நிமிடம் வரை இலவசமாகக் கதைக்கச் சட்டத்தரணி ஒருவரைத் தருவார்கள். அதற்காகவே இப்போது வந்ததை அழிக்காமல் ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.

ஆறேழு வருடத்துக்கு முதல் எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று வந்தது. மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். இரவுச் சாப்பாட்டில், எல்லோருக்கும் முன்னால், "இது நீதானே?" என்று கேட்டேன். "இல்லை" என்றான். இரண்டு நாள் வீட்டில் கதை இல்லை. மூன்றாம் நாள் அவனாகவே லப்ரொப்பைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துத் திருப்பிக் காட்டினான். ஒரு சின்னப் பெட்டிக்குள் வரிசையாகப் படங்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேல்நோக்கிய அம்புக்குறி, அதனருகில் ஓர் இலக்கம். அந்த இலக்கம் என் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்றேன். "எங்கட கொம்பியூட்டரில இருந்து மற்ற ஆக்களுக்குப் போறது அம்மா. மூடினா நிண்டிடும் எண்டுதான் நினைச்சனான்." அந்தப் படத்தை அவன் பார்த்து முடித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. யன்னலை மூடினாலும் அந்தச் செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அவனுக்கும் அன்றுதான் தெரிந்தது.

இப்போது இன்னும் மோசம். சில செயலிகளிலும், கடைகளில் விற்கிற சில பெட்டிகளிலும், படத்தின் மேல் அழுத்தினால் ரிவி போல ஓடத் தொடங்கிவிடும். பின்னால் ஓடுவது ரொறென்ற் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் வீட்டில் யாரோ மனதறிந்து பொய் சொல்கிறார்கள் என்று முடிவெடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

நான் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம். மகனோடு தனியாகக் கதையுங்கள், காரில் போகிற நேரம் நல்லது. கீழே இருக்கிறவர்களிடம் கணவரை அனுப்பாமல் நீங்களே போங்கள். "தம்பியவை, இன்ரநெற் கம்பனியிலயிருந்து இப்பிடி ஒண்டு வந்திருக்கு. ஆர் செய்தது எண்டு கேக்க வரேல்லை. என்ர பெயரில வந்திருக்கு, எனக்குப் பயமாயிருக்கு. ரொறென்ற் ஏதும் போட்டிருந்தா எடுத்துவிடுங்கோ" என்று சொன்னால் போதும். மகனிடமும் இதையே சொல்லுங்கள். செயலியை அழித்து, அது பகிர்ந்துகொண்டிருந்த கோப்புகளையும் அழிக்க வேண்டும். அன்றைக்கே வைஃபை பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள். முன்பு பேஸ்மென்றில் இருந்துவிட்டுப் போனவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று யார் யாரிடம் பழையது இருக்கிறதோ தெரியாது. ஐ.பி. முகவரியை மறைக்கிற வி.பி.என். என்ற சேவையைப் போட்டால் பிடிபடாது என்று யாராவது சொல்வார்கள். முகவரி மறையும், செய்கிற வேலை அதே வேலைதான். அந்த வழியை நான் காட்ட மாட்டேன்.

ஏனென்றால், அறிவித்தலைக் கண்டு பயப்படவேண்டாம் என்று சொல்கிற நான், அது சொல்கிற விஷயம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. தமிழ்க் கடையில் கொப்பிக்குக் கொப்பி அடித்த வீடியோக் கசற்றை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்துப் பழகிய தலைமுறை நாங்கள். அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. இன்று இந்த நகரத்திலேயே எங்கள் பிள்ளைகள் இரவு வேலை செய்து சேர்த்த காசில் குறும்படம் எடுக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். அவர்களுடைய வேலையை ஒருவர் சும்மா அள்ளிக்கொண்டு போனால் எங்களுக்கு வலிக்கும். அந்த ஆங்கிலப் படத்துக்குப் பின்னாலும் விளக்குப் பிடித்தவரும் தையல் வேலை செய்தவரும் இருக்கிறார்கள். இதை உங்கள் 16 வயது மகனிடம் சொன்னால் விளங்கிக்கொள்வார். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நியாயம் சட்டென்று பிடிபடும்.

கடைசியாக அம்மா. இந்த அறிவித்தல் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போவதில்லை. இது பொலிஸ் பதிவு இல்லை, குற்றத் தீர்ப்பு இல்லை. நாளைக்கு ஒரு வழக்கே வந்தாலும் அது படக் கம்பனிக்கும் உங்களுக்கும் இடையிலான சிவில் வழக்குத்தான். நிரப்பி வைத்த மனுவை எடுத்து, அம்மாவின் காப்புறுதிப் பத்திரத்தின் திகதி பிந்திவிடவில்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தக் கிழமையே அனுப்புங்கள்.