ராபர்ட் பிளாண்டின் குரல் எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணனின் கேசட்டுகளில் லெட் செப்பலின் ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவன் நான். போன வாரம் அவர்களுடைய 2007 லண்டன் கச்சேரியை வீடியோவில் பார்த்தேன். குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் பழைய உச்சிக்குப் போகவே இல்லை, மனசு கஷ்டமாகிவிட்டது. வயதானால் ராக் பாடகரின் குரல் இப்படித்தான் போய்விடுமா? (மதுரை வாசகர்)

பதில்: வயதும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. பிளாண்ட் பிறந்தது 1948 ஆகஸ்டில். குரல் மாறியது நன்றாகவே காதில் விழ ஆரம்பித்தபோது அவருக்கு 25 வயது கூட முடியவில்லை! சந்தேகமாக இருந்தால் ஒரு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு நேரடிப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். 1972 ஜூனில் கலிஃபோர்னியாவில் பாடியது ஒன்று (2003-ல்தான் ஆல்பமாக வந்தது), 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடியது இன்னொன்று. நடுவில் ஓடியது 13 மாதம்தான். முதல் பதிவில் மேல் ஸ்தாயியிலேயே குடியிருப்பவர் போல அங்கே நின்று விளையாடுகிறார். இரண்டாவதில் அதே ஆள், அதே தெம்பு, ஆனால் ஏற வேண்டிய பல இடங்களில் கீழேயே பாடி வரியை முடித்துவிடுகிறார், ஏறினாலும் ஒரு கரகரப்பு கூடவே வருகிறது.

ஏன் என்று கேட்டால், குரல் நாண்களின் அளவை நினைத்துப் பாருங்கள். பெரிய ஆண்களுக்கே இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாத இரண்டு சதை மடிப்புகள், அவ்வளவுதான். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால் நொடிக்கு 400, 500 தடவை அவை ஒன்றோடொன்று மோதுகின்றன, சத்தத்தைக் கூட்டக் கூட்ட மோதலின் வேகமும் கூடும். இதை மூன்று மணி நேரத்தைத் தொடும் கச்சேரிகளில், ஊர் ஊராக, ஜலதோஷம் காய்ச்சல் பார்க்காமல் செய்தார் அவர். அதோடு 60-களின் கடைசியில் மேடையில் பாடகருக்கு அவர் குரலையே திருப்பிக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் வசதி சரியாக இல்லாத காலம். பின்னால் ஜிம்மி பேஜின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்கள், ஜான் பானமின் டிரம்ஸ், இவற்றை மீறித் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுகிற மாதிரி, இப்படி நாள்கணக்கில் மோதுகிற நாண்களின் ஓரத்திலும் காய்ப்பு விழும். அப்புறம் இரண்டும் சரியாகச் சேராது, இடுக்கில் காற்று கசியும், அதைத்தான் கரகரப்பு என்கிறோம்.

வயதின் வேலை இதற்கெல்லாம் பிறகுதான். குரல் நாணுக்குள் இருக்கும் தசை மெலியும், குரல்வளைக் குருத்தெலும்பு மெல்ல எலும்பாக இறுகும், மூச்சு பிடிக்கிற அளவும் குறையும். இது எல்லோருக்கும் நடக்கும்.

இப்போது 2007-க்கு வருவோம். நீங்கள் பார்த்த அந்த டிசம்பர் 10 கச்சேரியில் பிளாண்டுக்கு 59 வயது. பல பாடல்களை அசல் சுருதியிலிருந்து இறக்கித்தான் வாசித்தார்கள். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் "ஒரு கட்டை இறக்கிக்கலாம்" என்பார்களே, அதேதான். இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. எட்டாத ஸ்வரத்துக்குத் தாவித் தொண்டையைக் கிழித்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று. அந்தக் கச்சேரிக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவாக முன்னால், அதே 2007 அக்டோபரில், அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து 'ரெய்சிங் சாண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார் பிளாண்ட். அதில் அவர் கத்தவே இல்லை. மைக்கை ஒட்டி நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற அளவுக்குத்தான் குரலை விடுகிறார், வார்த்தை முடிகிற இடத்தில் மூச்சு மெல்ல உதிர்வதுகூடக் கேட்கிறது. காலமெல்லாம் தனிக்குரலாகவே நின்று பாடிப் பழகியவர், இன்னொருவர் குரலோடு இழைந்து பாடுவதை அந்த வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். 2009 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருதுகள் கிடைத்தன. லெட் செப்பலினைத் திரும்பக் கூட்டி உலகம் சுற்றினால் கொட்டியிருக்கக்கூடிய பணத்தை விட்டுவிட்டு, அவர் இந்தப் பக்கம் போனதில் எனக்கு அத்தனை சந்தோஷம். 22 வயதுக் குரலில் இந்தப் பாடல்களைப் பாடியிருக்கவே முடியாது.

கேள்வி: டீப் பர்ப்பிள் குழு 'சைல்ட் இன் டைம்' பாடலை மேடையில் ஏன் பாடுவதில்லை? (ஈரோடு வாசகர்)

பதில்: அந்தப் பாட்டில் வரும் அலறலுக்காகத்தான். குழுவின் பாடகர் இயன் கில்லன் அதைப் பதிவு செய்தபோது அவருக்கு 24 வயது. 2002-க்குப் பிறகு மேடையில் அதைத் தொடவில்லை. கள்ளக்குரலில் சமாளித்திருக்கலாம், ஆனால் ஒரிஜினலைக் கேட்டவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். விட்டது சரி.

கேள்வி: அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவி தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டாராமே? குரலுக்கு என்ன ஆபரேஷன்? (திருச்சி வாசகி)

பதில்: ஆமாம், 2022-ல். அவருடைய பிரச்சினை காய்ப்பு இல்லை. ஒரு பக்க நாண் மெலிந்துபோய், மற்றதோடு சேரவில்லை. குரல்வளைக்கு வெளியிலிருந்து சின்னதாக ஒரு பொருளை உள்ளே வைத்து, மெலிந்த நாணை நடுவுக்குத் தள்ளினார்கள். அதன் பிறகு நீண்ட நாள் பயிற்சி. ஆபரேஷன் நாணை இடத்துக்குக் கொண்டுவரும், பாட்டைத் திரும்பக் கற்றுக்கொள்வது பாடகர் வேலை.

கேள்வி: காலேஜில் படிக்கும் என் மகன் ராக் பேண்டில் பாடுகிறான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிறகு இரண்டு நாள் குரலே வருவதில்லை. தடுக்கவா? (வேலூர் வாசகி)

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. ஆனால் இரண்டு நாள் குரல் போவது சாதாரணம் என்று விட்டுவிடவும் வேண்டாம், ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நாண்களைப் பார்த்துவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் நின்றால் கட்டாயம் போக வேண்டும். தொண்டையைச் செருமுகிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு செருமலும் நாண்களுக்கு ஓர் அடி. சிகரெட் கூடவே கூடாது. அப்புறம், மேடையில் ஒரு ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லட்டும். தன் குரல் தன் காதில் விழுந்தாலே பாதிக் கத்தல் குறைந்துவிடும்.