மொபெட்டுக்கு மாறலாமா?

கேள்வி: வேலைக்குப் போக வர தினம் 30 கி.மீ. என் ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 கி.மீ.தான் தருகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்கு மாறினால் மிச்சமாகுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மாதம் 25 நாள் என்றால் 750 கி.மீ. ஸ்கூட்டருக்கு 18.75 லிட்டர் போகும். மொபெட் 60 கொடுத்தால் 12.5 லிட்டர் போதும். மிச்சம் ஆறே கால் லிட்டர். ஆனால் இந்த 60, வேகம் 40-45ஐத் தாண்டாதவரைதான். ஒரே கியர் என்பதால், ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் இன்ஜின் அலறும், பெட்ரோலும் கரையும். பாதை நான்குவழிச்சாலை என்றால் ஸ்கூட்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி பார்க்கிறீர்களா? முந்தைய மாடலான எக்ஸ்எல் சூப்பரில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அந்தத் தொல்லை கிடையாது.

மைலேஜ் திடீரென்று இறங்கினால் உடனே இன்ஜினில் கை வைக்காதீர்கள். முதலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசிக்கொண்டு நின்றால் பிரேக் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. பின் பிரேக்கைச் சரிசெய்யும் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அடுத்து டயர் காற்று, ஏர் ஃபில்டர். நெரிசலில் பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சிலேட்டர் கொடுக்கும் பழக்கம் இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் ஷூவைத் தேய்த்துவிடும். பிறகு இன்ஜின் இரையும், வண்டி நகராது.